பத்து புள்ளி ஒன்று

போன மாதம் சர்க்கரை பார்த்துக்கொள்வதற்காக, நான் வேலை செய்து ஓய்வு பெற்ற மருத்துவமனைக்கே போயிருந்தேன். என் இடத்தில் இப்போது நஸ்ரின் இருக்கிறார். கடைசி ஐந்து வருடம் என்னோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். என் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டே கேட்டார்.

“சார், ஹெபடைட்டிஸ் சி-க்கு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இப்ப ஆரம்பத்துல ஒரு தடவ, முடியறப்ப ஒரு தடவ பார்த்தாலே பெரும்பாலும் போதும்ங்குறாங்க. நம்ம பழைய ரிஜிஸ்டர்ல ஒரே பேருக்கு வருஷம் பூரா ரத்த எண்ணிக்கை போட்டிருக்கே, எதுக்கு சார் அவ்வளவு?”

“எந்தப் பேரும்மா?”

“வசந்தா. குரும்பகரம்.”

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்புறம் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பெயர் மனசை விட்டுப் போகவில்லை. நஸ்ரினுக்குச் சொல்ல வேண்டியதை எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆய்வகத் தொழில்நுட்பர். காரைக்காலில் அப்படி யாரும் சொல்வதில்லை, ‘லேப் சார்’ என்பார்கள். இரண்டு வருடம் படித்தேன். வேலையில் சேர்ந்த பிறகு ஆறு மாதம் கண்ணாடித் தகடு கழுவினேன். பிறகு நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். முப்பத்து நான்கு வருடம் தலத்தெருவிலிருந்து முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டரிலும் அந்தக் கட்டடத்துக்குப் போய் வந்தேன். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது இருக்கிற மாத்திரைகள் வருவதற்கு முன்னால், கல்லீரலைத் தின்னும் அந்தக் கிருமிக்கு வேறு வைத்தியம் இருந்தது. வாரம் ஒரு ஊசி, அதோடு தினமும் ரிபாவிரின் என்கிற குளிகை. பலருக்கு ஒரு வருடம், நாற்பத்தெட்டு வாரம். ஊசி போட்ட அன்று காய்ச்சலும் கை கால் குடைச்சலும் வரும். அதையெல்லாம் தாங்கிக்கொள்வார்கள். ரத்தம் குறைவதுதான் ஆளைச் சாய்க்கும். குளிகை சிவப்பணுக்களை உடைக்கும். ஊசி வெள்ளையணுக்களையும் தட்டணுக்களையும் குறைத்துவிடும். ஆகவே மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை வாராவாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணுகிறவன் நான்.

அந்த எண்களைப் பார்த்து முடிவெடுத்தவர் டாக்டர் ஸ்டெல்லா. ஐம்பது வயது இருக்கும். மாதா கோவில் பக்கத்து வீடு, ஒற்றை ஆள், அதிகம் பேச மாட்டார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நோயாளி உள்ளே வந்ததும் என் ரிப்போர்ட்டைத் திறக்க மாட்டார். கதவிலிருந்து நாற்காலி வரை அவர்கள் நடந்து வருவதைப் பார்ப்பார். உட்கார்ந்ததும் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பார், பிறகு உள்ளங்கை ரேகையை. “மாடி ஏறினா நடுவுல நிக்கிறீங்களா?” என்று கேட்பார். அப்புறம் சீட்டின் மூலையில் பென்சிலால் ஓர் எண்ணை எழுதுவார். ஹீமோகுளோபின் இவ்வளவு இருக்கும் என்று அவருடைய கணிப்பு அது. அதற்கப்புறம்தான் ரிப்போர்ட்டைப் பிரிப்பார். பெரும்பாலும் அரைப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்காது. இருந்தால் என்னைக் கூப்பிடுவார். திட்ட மாட்டார். சீட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பயந்தே நான் ஒவ்வொரு ரத்தத்தையும் இரண்டு முறை ஓட்டினேன். தட்டணு குறைவாக வந்தால் இயந்திரத்தை நம்பாமல் தகட்டில் பூசி, சாயமிட்டு, கண்ணால் எண்ணினேன்.

அவர் மேசையில் கண்ணாடிக்குக் கீழே ஒரு தாள் இருந்தது. ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே போனால் குளிகையைக் குறை. எட்டரைக்குக் கீழே போனால் நிறுத்து. வெள்ளையணுவுக்கும் தட்டணுவுக்கும் அதேபோல் இரண்டிரண்டு வரிகள். எனக்கு அது மனப்பாடம். வந்துபோகும் நோயாளிகளுக்கும் சீக்கிரமே மனப்பாடமாகிவிடும்.

வசந்தா எங்களிடம் வந்தபோது அவருக்கு முப்பத்தேழு வயது. பிறந்த வீடு வரிச்சிக்குடி, வாழ்க்கைப்பட்டது குரும்பகரம். கணவர் பக்கிரிசாமி சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். ஒரே பெண் கீதா, ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிரசவத்தில் வசந்தாவுக்கு நிற்காமல் உதிரம் போய், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். கிருமி அதில் வந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அந்தக் காலத்தில் கொடுப்பவரின் ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேடும் சோதனை எங்களிடம் கிடையாது.

அன்று மாலை பழைய ரிஜிஸ்டரை எடுத்துத் தேடினேன். இருந்தது. இரண்டு பாட்டில்களுக்கும் பொருத்தம் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் குற்றம் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வசந்தா கெட்டிக்காரர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஆனால் எண்கள் அவருக்கு உடனே பிடிபட்டன. முதல் நாள் பன்னிரண்டு புள்ளி நான்கு. நான்காவது வாரம் பத்து புள்ளி எட்டு. ஊசி போட்ட மறுநாள் படுத்துக்கிடப்பார், அதற்கடுத்த நாள் எழுந்து வயலுக்குப் போய்விடுவார். தலைமுடி கொத்தாகக் கொட்டியது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டும்போதே கேட்பார்.

“இன்னைக்கு எவ்வளவு சார் இருக்கும்?”

“இன்னும் எடுக்கவே இல்லையேம்மா.”

“பத்துக்குக் கீழ போயிடக் கூடாது சார். மாத்திரைய கொறச்சா கிருமி திரும்ப வந்துடுமாம். சென்னைக்கு டெஸ்ட்டுக்குப் போனப்ப பக்கத்து பெட்டுல இருந்தவங்க சொன்னாங்க.”

அது முழுக்கப் பொய்யும் இல்லை. ஆரம்ப வாரங்களில் முழு அளவு மருந்து உள்ளே போனால் வாய்ப்பு கூடுதல் என்றுதான் டாக்டரம்மாவும் நம்பினார். பன்னிரண்டாவது வாரம் கிருமியின் அளவைப் பார்க்க ரத்தம் சென்னைக்குப் போகும். அதில் கிருமி போதுமான அளவு இறங்கியிருக்காவிட்டால் வைத்தியத்தையே நிறுத்திவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டாவது வாரத்தைத்தான் வசந்தா குறிவைத்திருந்தார்.

ஏழாவது வாரம் அவருக்கு வயிற்றுப்போக்கு. முகம் வாடிப்போய் வந்தார். ஆனால் எண் ஏறியிருந்தது. “பாத்தீங்களா சார், ஏறிடுச்சு!” என்று சந்தோஷப்பட்டார். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகி எண் கூடுதலாகக் காட்டும், அது உண்மையான ஏற்றம் இல்லை என்று அவருக்கு விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எவ்வளவு கவனமாகக் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒன்பதாவது வாரம். ரத்தம் சிரிஞ்சுக்குள் மெதுவாக ஏறியது, கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. புறங்கையைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன், தோல் மடிந்தபடியே நின்றது. இயந்திரம் பத்து புள்ளி ஒன்று என்றது. மறுபடி ஓட்டினேன், அதே எண். யாரும் கேட்காமலே, மீந்திருந்த சீரத்தில் யூரியாவும் புரதமும் பார்த்தேன். இரண்டும் ஏறியிருந்தன, உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் போனேன்.

“ஏம்மா, கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க?”

அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“நேத்து காலையிலேர்ந்து குடிக்கலையா?”

“முந்தாநா மதியத்திலேர்ந்து சார்.” குரல் கரகரத்தது. “வெயில்ல களை எடுத்தேன். நல்லா வேர்க்கட்டும்னு.”

“உயிரோட வெளையாடுறீங்களாம்மா?”

“மூணே வாரம் சார். பன்னெண்டாவது வாரம் டெஸ்ட் எடுத்துட்டா போதும். அப்புறம் நீங்க கொறைங்க, நிறுத்துங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க. டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார். அந்தப் பொண்ணு படிச்சு ஆளாகறத நான் பாக்கணும்.”

எந்தப் பெண்ணைச் சொல்கிறார் என்று தெரியும். அவள் பிறந்த நாளின் ரிஜிஸ்டர் பக்கம் கண்ணுக்குள் வந்தது. நான் உள்ளே வந்து, யூரியாவை எழுதாமல் பத்து புள்ளி ஒன்று என்று மட்டும் ரிப்போர்ட்டில் போட்டு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். மூலையில் பென்சிலால் ஒன்பது என்று எழுதியிருந்தது.

“எனக்கு ஒன்பதுதான் தெரியுது. நீங்க பத்து புள்ளி ஒண்ணு போட்டிருக்கீங்க.”

“ரெண்டு தடவ ஓட்டினேன் மேடம். ரெண்டு தடவையும் அதேதான் வந்துது.”

“இயந்திரம் சரியா இருக்கா?”

“காலையில கண்ட்ரோல் ரத்தம் ஓட்டிப் பாத்தேன் மேடம். சரியா இருக்கு.”

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். எப்போதும் அந்தக் காத்திருப்பில் ஏதாவது சொல்லிவிடுகிறவன், அன்று சொல்லவில்லை. “சரி” என்று சொல்லிப் பென்சில் எண்ணை அடித்துவிட்டு, குளிகை தினம் அதே ஐந்து என்று எழுதினார். அவரோடு வேலை பார்த்த இத்தனை வருடத்தில் அவர் தன் கண்ணை விட்டுவிட்டு என் எண்ணை எடுத்துக்கொண்ட நாள் அது ஒன்றுதான்.

பதினோராவது வாரம் வசந்தா ரத்தம் கொடுக்க வரவேண்டிய நாளில் வரவில்லை. மறுநாள் முற்பகல் பக்கிரிசாமி டூவீலர் ஓட்ட, நடுவில் வசந்தா, பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டு பள்ளிச் சீருடையில் கீதா என்று மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். நாற்றுக்கட்டோடு வரப்பில் நடந்தவர் அப்படியே சேற்றில் விழுந்துவிட்டாராம். புடவையில் சேறு காயாமல் இருந்தது.

முதல் ரத்தத்தில் எட்டு என்று வந்தது. இரண்டு பாட்டில் சலைன் ஏறிய பிறகு மறுபடி எடுத்தேன். உடம்பில் நீர் சேர்ந்ததும் நிஜம் வெளியே வந்தது. ஆறு புள்ளி ஒன்பது. வெள்ளையணுக்களும் பாதியாகியிருந்தன. தகட்டைப் பார்த்து எண்ணும்போது இரண்டு முறை கணக்கு விட்டுப்போயிற்று.

ரிப்போர்ட்டை நானே எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் குடிக்காததை, யூரியாவை, வசந்தா கெஞ்சியதை, அன்று டாக்டரம்மா மூலையில் எழுதியதுதான் சரி என்பதை.

அவர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

“நீங்க எண்ணத்தான் செஞ்சீங்க. நான்தான் மருந்து எழுதினேன். எங்கிட்ட நீங்க மறைச்சது நம்பர இல்ல, அந்தப் பொம்பளைய.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “குளிகைய நிறுத்திட்டேன். இப்ப ரத்தம் ஏத்தணும். வேண்டாங்குறாங்க. போய்ப் பேசுங்க.”

வார்டில் வசந்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பக்கிரிசாமி கால்மாட்டில் நின்றார்.

“எவ்வளவோ சொல்லிட்டேங்க. கேக்க மாட்டேங்குறா.”

“அந்த ரத்தம்தான சார் எனக்கு இதக் கொண்டாந்துச்சு,” என்றார் வசந்தா, திரும்பாமலே. “அதையே மறுபடி ஏத்தச் சொல்றாங்க. இப்படியே போறதுன்னா போயிட்டுப் போறேன்.”

நான் ஆய்வகத்துக்குப் போய், அவருக்குப் பொருந்தும் என்று எடுத்து வைத்திருந்த பையின் மாதிரிக் குழாயையும் பரிசோதனை அட்டைகளையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பையின் ரத்தத்துக்கு எல்லாச் சோதனையும் ஏற்கெனவே முடிந்திருந்தது. இருந்தாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

“எழுந்திரிச்சு பாருங்கம்மா. உங்க கண்ணு முன்னால பாக்குறேன்.”

கீதா அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்தாள். குழாயைக் காட்டி, பையின் எண்ணும் குழாயின் எண்ணும் ஒன்றுதான் என்று கீதாவைப் படிக்கச் சொன்னேன். அட்டையின் குழியில் சொட்டு விட்டேன், மேலே கரைசல் விட்டேன். ஈரம் வெள்ளைப் பட்டையில் மெல்ல ஊர்ந்து போனது. நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் கோடு சிவப்பாக எழுந்தது.

“ஒரு கோடுன்னா?”

“சோதனை சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். கிருமி இருந்தா ரெண்டாவது கோடு வரும். இருபது நிமிஷம் பாக்கணும்.”

இருபது நிமிடமும் அவர் அந்த அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது கோடு வரவில்லை.

“இத அன்னைக்கே பாத்திருக்கலாம்ல சார்?”

“அன்னைக்கு இது இல்லம்மா.” அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. “அன்னைக்கும் லேப்ல நான்தான் இருந்தேன். அந்த ரெண்டு பாட்டிலையும் பொருத்தம் பாத்து அனுப்பினது நான்தான்.”

பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். வசந்தா தன் பெண்ணைப் பார்த்தார். என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“நீங்க என்ன சார் பண்ணுவீங்க? அது ஏறலன்னா அன்னைக்கே போயிருப்பேன். இவளுக்குப் பால் கொடுத்திருக்க மாட்டேன்.”

கையை நீட்டினார். அவர் நரம்புகள் எனக்கு நன்றாகத் தெரியும். நர்ஸைக் கூப்பிடாமல் நானே ஊசியைப் போட்டேன்.

வார்டில் இருந்தபோதே பன்னிரண்டாவது வாரத்து ரத்தம் ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போனது. பத்து நாளில் முடிவு வந்தது. கிருமி தென்படவில்லை. வசந்தா சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. “நான் சொன்னேன்ல சார்” என்றார். நான் தலையாட்டினேன். தண்ணீர் குடிக்காமல் இருந்தது சரி என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் தப்பு என்று வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை.

இரண்டு வாரம் குளிகை நிறுத்தம். பிறகு தினம் இரண்டு, பிறகு மூன்று. அதற்கு மேல் கூட்டவே முடியவில்லை. ரத்தம் ஊற வைப்பதற்கென்று தனியாக வாரம் ஓர் ஊசி. ஹீமோகுளோபின் ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை என் முன்னால் குடித்துக் காட்டுவார். நான் அவர் ரிப்போர்ட்டின் அடியில் எண்களுக்குக் கீழே கையால் எழுத ஆரம்பித்தேன்: நாக்கு ஈரமாக இருக்கிறது, படியேறி வந்தார், இன்று மூச்சு வாங்குகிறது. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுத்தான் எண்ணைப் பார்த்தார்.

நாற்பத்தெட்டு வாரமும் முடித்தார். எங்களிடம் அதுவரை பத்துப் பேர்கூட முடித்ததில்லை. முடிவில் கிருமி இல்லை. முடி திரும்ப முளைத்தது. கருவாட்டுக் கடையில் ஒரு நாள் பார்த்தேன், கன்னம் உப்பியிருந்தது, பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. அந்த முடிவுதான் உண்மையான முடிவு. சென்னையிலிருந்து வந்த உறையை நான்தான் முதலில் பிரித்தேன். கிருமி திரும்பியிருந்தது, பழைய அளவுக்கே.

டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்த வசந்தா நேராக என் ஜன்னலுக்கு வந்தார். அழவில்லை.

“மாத்திரைய கொறச்சதாலயா சார்?”

“தெரியலம்மா.”

“நான் விழாம இருந்திருந்தா கொறச்சிருக்க மாட்டாங்கல்ல?”

“முழுசா சாப்பிட்டவங்களுக்கும் திரும்பியிருக்கும்மா. நெஜமாவே யாருக்கும் தெரியாது.”

அதுதான் உண்மை. ஆனால் எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. ஒன்பதாவது வாரமே நான் சொல்லியிருந்தால் ஐந்தை நான்காகவோ மூன்றாகவோ குறைத்திருப்பார்கள், ரத்தம் ஊறும் ஊசியை அப்போதே தொடங்கியிருப்பார்கள், அவர் விழுந்திருக்க மாட்டார், இரண்டு வாரம் அடியோடு நின்றிருக்காது. அதனால் முடிவு மாறியிருக்குமா? இன்றுவரை அந்தக் கணக்குக்கு விடை இல்லை.

“வேற மருந்து வருமா சார்?”

“வெளிநாட்டுல பாத்துக்கிட்டிருக்காங்களாம். வரும்.”

“வந்தா எனக்குச் சொல்லுவீங்கல்ல?”

“கட்டாயம் சொல்றேம்மா.”

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்தார். தட்டணு குறைந்துகொண்டே போனது, இந்த முறை மருந்தால் அல்ல, கல்லீரலால். பிறகு தஞ்சாவூரில் பார்க்கிறோம் என்று சொன்னார்கள். பிறகு வரவில்லை.

புதிய மாத்திரைகள் எங்கள் ஊருக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தினம் ஒன்று, பலருக்கு மூன்றே மாதம். ஊசி கிடையாது, ரத்தம் உடையாது. டாக்டரம்மா மருந்துப் பெட்டியை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

“குரும்பகரத்து நம்பர் அடிச்சுப் பாத்தேன். உபயோகத்துல இல்லைங்குது.”

“நான் போறேன் மேடம்,” என்றேன்.

மதியமே ஸ்கூட்டரில் கிளம்பினேன். அறுவடை முடிந்து வயல் முழுக்க வைக்கோல் கிடந்தது. வாய்க்கால் தாண்டி மூன்றாவது வீடு என்று பழைய சீட்டில் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். விசாரிக்கத் தேவையே இல்லாமல் கண்டுபிடித்துவிட்டேன். பக்கிரிசாமி வாசலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“லேப் சாருங்களா? வாங்க, வாங்க. ஒக்காருங்க.”

உள்ளே பார்த்தேன். சுவரில் வசந்தாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பூ முழுசாக வாடியிருக்கவில்லை.

“போன வெள்ளிதாங்க பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது,” என்றார் பக்கிரிசாமி. “வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு. கடைசியில ரத்தமா வாந்தி. தஞ்சாவூருக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சு போச்சு. கீதாவ நர்சிங் சேத்து விட்டுட்டா. அதப் பாத்துட்டுத்தான் போனா.”

நான் உட்காரவில்லை. ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்தபடி நின்றேன்.

“நீங்க இந்தப் பக்கம்?”

“இங்க ஒரு வேலையா வந்தேங்க. அப்படியே பாத்துட்டுப் போலாம்னு.”

அவர் சாக்கைக் கீழே வைத்தார். ஊசியை அதிலேயே குத்தினார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“புது மருந்து ஏதோ வரும்னு சொன்னீங்களாமே சார். அவ கடைசி வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருந்தா. லேப் சாரு வந்து சொல்லுவாருன்னு. வந்துருச்சுங்களா?”

சட்டைப்பையில், வசந்தாவுக்குக் காட்டுவதற்காக நான் எடுத்துவந்த மாத்திரைப் பெட்டியின் தாள் மடித்தபடி இருந்தது.

“இல்லீங்க,” என்றேன். “இன்னும் வரல.”